கண்டுபிடிக்கிறதுக்கும் காசு குடுங்கோ



இந்தக் கிழமை எபிசோட்டில் மின்சாரக் கார்களின் பற்றரியைப் பற்றிக் கதைச்சுக்கொண்டு போகேக்க, இடையில் நான் ஒரு வசனம் சொல்லிப்போட்டேன்: "என்ர காரின்ர பிரேக்குக்கு மூண்டு தரம் காசு கட்டினனான், நாலாம் தரம்தான் பிரச்சினை என்னெண்டே தெரிஞ்சது." அதை விபரமா எழுதச் சொல்லி உங்களில் சிலர் கேட்டிருந்தீர்கள். எழுதுகிறேன். ஆனால் இது கராஜ்காரரைத் திட்டுற கட்டுரை இல்லை. அரைவாசித் திட்டு எனக்கே விழ வேண்டியது. அது ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

போன வருசம் பெப்ரவரி. 401இல் கிழக்குப் பக்கமா வந்து கெனடி வீதியில் இறங்கினேன். சிவப்பு விளக்கில் நிக்கேக்க ஒரு எரிஞ்ச மணம். முன்னுக்கு நிண்ட லொறியின்ரயாக்கும் என்று நினைச்சேன். பிறகு கார் பார்க்கில் இறங்கினால் மணம் என்னோடயே வந்திருக்கு. வலப்பக்க முன் சில்லுக்குக் கிட்டக் கையைக் கொண்டுபோனேன், அடுப்புக்கு முன்னால் நிக்கிற மாதிரிச் சூடு. இடப்பக்கம் தொட்டுப் பார்த்தேன், இளஞ்சூடுதான்.

எங்கட ஆக்கள் எல்லாரும் போற கராஜ் ஒண்டுக்குக் கொண்டுபோனேன். "பாட் தேஞ்சிட்டுது தம்பி, றோட்டரும் போட்டுது" என்றார்கள். இரண்டும் மாற்றி 380 டொலர், காசாக. இரண்டு கிழமையில் அதே மணம். "அப்ப கலிப்பர்தான்." 290 டொலர். பத்து நாள் நல்லா ஓடியது. பிறகு ஒரு இரைச்சல் தொடங்கிச்சு, விமானம் ஓடுபாதையில் வேகம் எடுக்கிற மாதிரி ஊஊஊ என்று. "சில்லுப் பெயரிங் போட்டுது." 350 டொலர். பெயரிங் மாத்தின அண்டைக்கே ஏபிஎஸ் விளக்கு எரிய வெளிக்கிட்டது. அடுத்த கிழமை சூடும் திரும்பி வந்தது. மொத்தம் 1,020 டொலர் குடுத்து, முதல் இருந்த பிரச்சினையையும் புதுசா ஒண்டையும் சேர்த்து வாங்கியிருந்தேன். போய்ச் சொன்னால், "சென்சரை மாத்திப் பார்ப்பம்" என்றார்கள்.

"மாத்திப் பார்ப்பம்." அந்தச் சொல்லைக் கேட்டதும்தான் எனக்கு ஒண்டு உறைச்சது. வேலையில் ஒரு சேர்வர் அடிக்கடி விழுகுது என்று வையுங்கோ. ஒரு ஜூனியர் வந்து "மெமரியை மாத்திப் பார்த்தன், சரி வரேல்லை. டிஸ்க்கை மாத்திப் பார்த்தன், சரி வரேல்லை. இப்ப நெட்வேர்க் கார்ட்டை மாத்திப் பார்ப்பம்" என்று சொன்னால் நான் என்ன சொல்லுவன்? லொக்கைப் பார்த்தனீயா என்று கேட்பன். நாலு மாசமா என்ர கார் விசயத்தில் அந்தக் கேள்வியை நான் ஒருத்தரிட்டயும் கேட்கவில்லை.

பிரேக் என்பது வேகத்தைச் சூடாக மாத்திற ஒரு சாமான், அவ்வளவுதான். 1,500 கிலோ எடையுள்ள கார் ஒண்டு மணிக்கு 100 கிலோமீற்றரில் போய்க்கொண்டிருக்கேக்க நிப்பாட்டினால், ஏறத்தாழ 580 கிலோஜூல் சக்தி சூடாக மாறும். ஒரு முழுக் கேத்தில் பச்சைத் தண்ணியைக் கொதிக்க வைக்க அது காணும். நாலு சில்லுக்கும் அது பிரிஞ்சு போய், காத்துப் பட்டு ஆறிவிடும். ஆனால் காலை எடுத்த பிறகும் ஒரு சில்லில் பாட் விடாமல் உரஞ்சிக்கொண்டிருந்தால், அந்தச் சூடு நிற்காமல் அந்த ஒரு சில்லிலேயே சேருது. அது எங்கெல்லாம் போகும் என்று பாருங்கோ. பிரேக் எண்ணெய்க்குள் போகும். டொட் 3 எண்ணெய் புதுசா இருக்கேக்க 205 பாகையில்தான் கொதிக்க வேணும், ஆனால் காலப்போக்கில் அது காத்தில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். 3.7 வீதம் தண்ணி சேர்ந்த நிலையில் அதற்கு விதிச்ச ஆகக் குறைஞ்ச கொதிநிலை 140 பாகைதான். கொதிச்சால் குழாய்க்குள் ஆவிக் குமிழி. குமிழி அமுங்கும், எண்ணெய் அமுங்காது. நீங்கள் பெடலை மிதிப்பீர்கள், அது நிலம் வரைக்கும் போகும், கார் நிற்காது.

அதே சூடு நடுவில் இருக்கிற பெயரிங்குக்கும் போகும். உள்ள இருக்கிற கிறீஸ் இளகும், அதை மூடியிருக்கிற ரப்பர் வளையம் காய்ஞ்சு வெடிக்கும், கிறீஸ் வெளியேறும், உப்புத் தண்ணி உள்ள போகும். அதனால்தான் என்ர காரில் பிரேக் பிரச்சினை முதலும் பெயரிங் இரைச்சல் பிறகும் வந்தது. இரண்டும் ஒரே வருத்தத்தின்ர இரண்டு அறிகுறி. அடி வருத்தத்தை விட்டுப்போட்டுப் பெயரிங்கை மட்டும் மாத்தினால் புதுப் பெயரிங்கும் வெந்துதான் போகும். பிறகு "சாமான் மலிவுச் சாமான், அதுதான் நிண்டு பிடிக்கேல்லை" என்று சொல்லுவினம்.

கடைசியில், வேலையில் என்னோடு இருக்கிற ஒருவர் சொல்லி, வேற ஒரு மெக்கானிக்கிட்டப் போனேன். அறுபது வயசு தாண்டின மனுசன். முதல் வசனமே, "ஒரு மணித்தியாலத்துக்கு 130 டொலர், பிழையைக் கண்டுபிடிக்கிறதுக்கு மட்டும். திருத்துறது வேற" என்பதுதான். அதற்குள் நடந்ததை வரிசையாச் சொல்லுறன், ஏனெண்டால் நான் பார்த்த ஆகச் சுத்தமான டிபக்கிங்குகளில் இது ஒண்டு.

முதலில் என்னையே ஓட்ட விட்டுப் பக்கத்தில் இருந்தார். இருபது நிமிசம், பிரேக்கை முடிஞ்ச அளவு தொடாமல். திரும்பி வந்த உடனே கையடக்க வெப்பமானி ஒண்டை எடுத்து நாலு றோட்டரிலும் ஒரே இடத்தில் பிடிச்சார். இடது முன் 58, வலது முன் 214, பின் இரண்டும் ஐம்பதுக்குக் கீழ. இந்த வெப்பமானி ஹார்ட்வேர் கடையில் வாங்கலாம். பளபளப்பான உலோகத்தில் அது குறைச்சுக் காட்டும், ஆனபடியால் எண்ணை நம்பாமல் இடத்துக்கும் வலத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கோ என்றார். பின் சில்லு இரண்டும் சூடு என்றால் ஹாண்ட் பிரேக் கேபிளில் சந்தேகப்படலாம். நாலும் சூடு என்றால் பெடலுக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கும் போகலாம், அல்லது யாரோ பிழையான எண்ணெய் ஊத்தி உள்ள இருக்கிற ரப்பரெல்லாம் ஊதிப்போயிருக்கலாம். ஒண்டே ஒண்டு மட்டும் சூடு என்றால் தேட வேண்டிய இடம் பெரும்பாலும் அந்தச் சில்லுக்குள்ளதான். ஒரு வாசிப்பில் காரின் முக்கால்வாசியைத் தேடலில் இருந்து வெட்டிவிட்டார்.

பிறகு காரை உயர்த்தி, பெடலை மிதிச்சு விடச் சொன்னார். வலது சில்லைக் கையால் சுத்தினால் அசையுதே இல்லை. கலிப்பரில் காத்தெடுக்கிற சின்ன நட் ஒண்டு இருக்கும். அதைக் கொஞ்சம் தளர்த்தினார். எண்ணெய் சீறிக்கொண்டு வந்தது, சில்லு உடனே சுத்தியது. இதுதான் முழுக் கதையின்ர திருப்பம். எண்ணெய் அழுத்தத்தை விட்ட பிறகும் சில்லு இறுகியே இருந்திருந்தால், துருப்பிடிச்ச பின், இறுகின பிஸ்டன், அல்லது பாட் இருக்கிற தட்டில் உப்புத் துரு ஏறி அது நகராமல் கிடக்கிறது என்று தேட வேணும். ரொறன்ரோக் குளிருக்கும் வீதி உப்புக்கும் அதுதான் வழமையான நோய். ஆனால் அழுத்தத்தை விட்டதும் சில்லு விடுபட்டதால், மேலே எங்கேயோ அழுத்தம் மாட்டுப்பட்டுக் கிடக்கு.

மேலே என்றால் எங்க? நட்டை இறுக்கி, திரும்ப மிதிச்சு, இந்த முறை ரப்பர் ஹோஸும் இரும்புக் குழாயும் சேருற மேல் மூட்டைத் தளர்த்தினார். சில்லு இறுகியபடியே இருந்தது. அழுத்தம் அந்த மூட்டுக்கும் கலிப்பருக்கும் இடையில், அதாவது ஹோஸுக்குள். வெளியில் பார்த்தால் ஒரு குறையும் தெரியாத ஹோஸ். உள்தோல் கிழிஞ்சு ஒரு பக்கக் கதவு மாதிரித் தொங்குது. மிதிக்கேக்க வாற பெரிய அழுத்தம் அதைத் தள்ளிக்கொண்டு உள்ள போகும். காலை எடுத்தால் திரும்பி வர வேண்டிய அழுத்தம் சின்னது, அது கதவைச் சாத்திவிடும். கணினிப் படிப்பில் பைனரி சேர்ச் என்று இதைத்தான் படிச்சோம். கிட் பைசெக்ட் செய்யிறதும் இதுதான். நாப்பது நிமிசமும் ஆகவில்லை. புது ஹோஸும் எண்ணெயும் போட்டு வேலையோடு 145 டொலர்.

ஹோஸ் ஏன் கிழிஞ்சது? வயசாகவும் இருக்கலாம். ஆனால் அவர் இன்னொண்டும் சொன்னார். பாட் மாத்தேக்க கலிப்பரைக் கழற்றிக் கம்பியில் கட்டித் தொங்கவிட வேணும். சோம்பலில் ஹோஸிலேயே தொங்கவிட்டால் அதின்ர பாரம் முழுக்க ஹோஸில். முதல் சூடு முதல் திருத்தத்துக்கு முந்தியே வந்ததால் அந்தக் கராஜில்தான் கிழிஞ்சது என்று நான் சொல்ல மாட்டேன். கிழிஞ்சிருந்ததை இன்னும் கிழிச்சிருக்கலாம்.

ஏபிஎஸ் விளக்கு? அது வேற பகிடி. இப்ப வாற பல பெயரிங்குகளில் ஒரு பக்க மூடியில் காந்த வளையம் ஒண்டு இருக்கும். ஏபிஎஸ் சென்சர் அதைப் பார்த்துத்தான் சில்லின் வேகத்தை அறியும். கண்ணுக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரித்தான். மறுபக்கமாப் போட்டு அழுத்திவிட்டால் சென்சருக்கு வாசிக்க ஒண்டும் இல்லை. திரும்பக் கழற்றினால் பெயரிங் பழுதாகிவிடும், புதுசுதான் போட வேணும். நான் "சரி" சொல்லியிருந்தால், நல்ல சென்சரைக் கழற்றி எறிஞ்சிருப்பினம்.

பெயரிங் விசயத்தில் நீங்களே செய்யக்கூடிய சோதனை ஒண்டு இருக்கு. இரைச்சல் எஞ்சின் சுத்தலோடு கூடாமல் காரின் வேகத்தோடு கூடுதா என்று முதலில் கவனியுங்கோ. ஒருத்தரும் இல்லாத நேரான றோட்டில் மெல்ல இடப்பக்கம் வளையேக்க பாரம் வலச் சில்லுக்குப் போகும். அப்ப இரைச்சல் கூடினால் வலப் பெயரிங்கில் சந்தேகம். மற்றப் பக்கத்துக்கும் அப்படியே. வீதியின் தளம் மாறேக்க சத்தமும் மாறுது என்றால் அது பெரும்பாலும் ரயர். பனிக்கால ரயரின் இரைச்சலைப் பெயரிங் என்று சொல்லிக் காசு பறிகொடுத்தவர்கள் எனக்குத் தெரிஞ்சே இரண்டு பேர். காரைத் தூக்கின பிறகு சுருள் வில்லில் ஒரு கையை வைத்து மற்றக் கையால் சில்லைச் சுத்தினால், பழுதான பெயரிங் விரலில் மணல் மாதிரித் தெரியும். காருக்குள் இருந்து காதால் மட்டும் இடமா வலமா என்று முடிவெடுக்காதேங்கோ. சத்தம் உடம்பு முழுக்கப் பரவி ஏமாத்தும். ஆனால் உங்கள் கார் மணக்குது, சூடு அடிக்குது, பெடல் மெதுமெதுவென்று போகுது என்றால் ஒரு சோதனையும் செய்யாதேங்கோ. நிப்பாட்டிப்போட்டு இழுவை வண்டியைக் கூப்பிடுங்கோ.

எங்கட ஆக்களில் பலரிட்ட முப்பது டொலர் ஓபிடி ரீடர் இருக்கு. எனக்கும் இருக்கு, அதில் பெருமையும் இருந்தது. கலிப்பர் விடாமல் பிடிக்கிறதுக்கு அதில் ஒரு கோட்டும் வராது. ஹோஸில் சென்சர் இல்லை. பழைய பிரேக்குக்கு லொக் என்பது மூக்கு, கை, காது, வெப்பமானி. ஏஐயிட்டக் கேட்டும் பார்த்தேன். ஒன்பது காரணம் அழகா வரிசைப்படுத்தித் தந்தது, ஹோஸ் ஏழாவதா இருந்தது. பிழை சொல்ல ஏலாது. ஆனால் ஒன்பதில் எது என்று அறிய யாராவது அந்தச் சின்ன நட்டைத் தளர்த்த வேணுமே.

இனி எனக்கு விழ வேண்டிய திட்டு.

முதல் நாள் அந்தக் கராஜில் அவர்கள் கேட்டவர்கள், "தம்பி, முழுசாச் செக் பண்ணிப் பார்க்கவோ, ஒரு மணித்தியாலக் காசு வரும்" என்று. நான் சொன்ன பதில் இது: "செக் பண்ணுறதுக்குமா காசு? பார்த்துச் செய்யுங்கோ அண்ணை." நான் ஐடியில் கொன்ராக்ட் வேலை செய்யிறவன். மணித்தியாலக் கணக்கில் பில் போடுறவன். அதில் பெரும்பகுதி பிழை எங்கே என்று தேடுற நேரம்தான், கடைசியில் மாத்திறது சில வேளை ஒரே ஒரு வரி. ஒரு கிளையன்ட் "தேடினதுக்கெல்லாம் காசு தர ஏலாது, மாத்தின வரிக்கு மட்டும் தாறன்" என்று சொன்னால் அண்டைக்கே வெளிக்கிட்டிருப்பன். அதே கதையைத்தான் நான் மெக்கானிக்குக்குச் சொன்னேன். பிறகு அவர் என்ன செய்வார்? கையில் பிடிச்சுக் காட்டக்கூடிய ஒண்டைத்தான் விற்பார். பழைய பாட், புதுப் பாட். அதற்கு நாங்கள் முகம் சுளிக்காமல் காசு குடுக்கிறோம்.

இது எங்கட சனத்தின்ர குணம் மட்டும் இல்லை. வட அமெரிக்காவில் பல மெக்கானிக்குகளுக்குச் சம்பளமே வேலைக்கு இவ்வளவு நேரம் என்று புத்தகத்தில் போட்ட கணக்குப்படி. பெயரிங் மாத்த இவ்வளவு மணித்தியாலம் என்று இருக்கும். யோசிக்கிறதுக்கு வரி இருக்காது, இருந்தாலும் கஞ்சத்தனமா இருக்கும். கார் பாவனையாளருக்கான ஓட்டோமொபைல் புரொட்டெக்ஷன் அசோசியேஷன் வேணுமெண்டே ஒரு சின்னக் குறையை வைத்த காரோடு கராஜ்களுக்கு ஆளனுப்பிச் சோதிச்சு வந்திருக்கு. அதில் தேவையில்லாத வேலையைச் சொல்லிப் பிடிபட்டவர்களில் எங்கட ஊர்க் கராஜ் மட்டும் இருந்ததில்லை, பெரிய பெயர்களும் இருந்திருக்கு.

ஆனால் எங்கட சனத்துக்கென்றே ஒரு பழுது இருக்கு. அதைச் சொல்லாமல் போனால் இந்தக் கடிதத்தில் அர்த்தமில்லை. "பில் வேணுமோ, வேண்டாமோ?" என்ற கேள்வி. பில் வேண்டாம் என்றால் 13 வீத எச்எஸ்ரி மிச்சம். 1,020 டொலருக்கு 130 டொலருக்குக் கொஞ்சம் மேல. அதை மிச்சம் பிடிச்சு நான் எதைக் குடுத்தேன் என்று பாருங்கோ.

ஒன்ராறியோவின் 2002ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வாகனத் திருத்தத்துக்கென்றே ஒரு பகுதி இருக்கு. எழுத்தில் மதிப்பீடு தர வேணும். கடைசிப் பில் அதைவிட 10 வீதத்துக்கு மேல் கூடக்கூடாது. எழுத்தில் மதிப்பீடு வேண்டாம் என்றால், ஆகக்கூடியது இவ்வளவுதான் என்று ஒரு தொகைக்கு நீங்கள் ஒப்புக்கொண்டிருக்க வேணும். போடுற பாகத்துக்கும் செய்யிற வேலைக்கும் 90 நாள் அல்லது 5,000 கிலோமீற்றர், எது முதலில் வருதோ அதுவரை உத்தரவாதம். அது கராஜ்காரரின் தயவு இல்லை, சட்டம். கழற்றின பழைய பாகங்களை உங்களுக்குத் திருப்பித் தர முன்வரவும் வேணும். எனக்கு ஆகப் பிடிச்ச பகுதி இன்னொண்டு. மதிப்பீட்டுக்குக் காசு எடுக்கலாம், ஆனால் முதலே சொல்ல வேணும், அந்தக் காசுக்குள் பிழையைக் கண்டுபிடிக்கிற நேரமும் அடக்கம் என்று சட்டமே சொல்லுது. கண்டுபிடிக்கிறது ஒரு வேலை என்று நான் ஒப்புக்கொள்ள மறுத்ததைக் குயின்ஸ் பார்க்கில் இருந்தவர்கள் எழுதியே வைத்திருக்கிறார்கள்.

என்ர மூண்டு திருத்தமும் 90 நாளுக்குள்தான் தோத்தது. நான் திரும்பிப் போய் எதைக் காட்டிறது? காசு, பில் இல்லை, திகதி இல்லை, கிலோமீற்றர் இல்லை. சட்டம் என்னைக் கைவிடவில்லை. நான்தான் அதைப் பிடிக்கிற கைபிடியை 130 டொலருக்கு வித்தனான்.

இன்னொரு பக்கத்தையும் யோசியுங்கோ. 1995இல் சில மாத இடைவெளியில் ஒன்ராறியோவின் நெடுஞ்சாலைகளில் லொறிகளில் இருந்து கழண்டு பறந்த சில்லுகள் பட்டு இரண்டு பேர் செத்தார்கள். விசாரணை நடந்தது. 1997இல் நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில் ஒரு புதுப் பிரிவு வந்தது. வணிக வாகனத்தில் இருந்து சில்லு கழண்டால் குற்றம் குற்றம்தான், "நாங்கள் கவனமாத்தான் பார்த்தனாங்கள்" என்று தப்ப ஏலாது, அபராதம் 50,000 டொலர் வரைக்கும். ஒரு லொறி நிறுவனம் இதை எதிர்த்துப் போனது. 2003இல் ஒன்ராறியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தச் சட்டத்தை நிலைநிறுத்தியது. பெயரிங் வெந்தும் சில்லு கழரும், நட் சரியா இறுக்காமலும் கழரும்.

அது லொறிக்கு. எங்கட கார்களை யார் பார்க்கிறார்கள்? ஒருத்தரும் இல்லை. கார் கைமாறேக்க ஒரு பாதுகாப்புச் சான்றிதழ், அது 36 நாளுக்குத்தான் செல்லும். அதற்குப் பிறகு பதினைந்து வருசம் வைத்திருந்தாலும் அரசாங்கம் உங்கட பிரேக்கைப் பார்க்காது. 2019இல் நிப்பாட்டின டிரைவ் கிளீன்கூடப் புகையைத்தான் பார்த்தது. அப்பாவின் பழைய கமிறியில் இருக்கிற பிரேக்கைப் பார்க்கிற ஒரே ஆள், வருசத்தில் இரண்டு தரம் ரயர் மாத்திற அந்த அண்ணைதான். அவரிட்ட நாங்கள் கேட்கிறது "கெதியா முடியுமோ?" என்று மட்டும்.

எபிசோட்டில் ஒருவர் "மின்சாரக் கார் வாங்கினா இந்தத் தலையிடியே இல்லை" என்று சொன்னார். மோட்டரே வேகத்தைக் குறைச்சுச் சக்தியைப் பற்றரிக்குத் திருப்பி அனுப்புவதால் பாட் தேயாது, உண்மை. ஆனால் எங்கட குளிரில் பாவிக்காத பிரேக்தான் கெதியாத் துருப்பிடிக்கும். உப்புப் போடுற ஊரில் இருந்தால் வருசத்துக்கு ஒரு தரம், அல்லது 20,000 கிலோமீற்றருக்கு ஒரு தரம் கலிப்பரைத் துப்புரவாக்கிக் கிறீஸ் போடச் சொல்லி டெஸ்லாவே தன் கைநூலில் எழுதியிருக்கு. இன்னொண்டு, மின்சார ஹாண்ட் பிரேக் உள்ள கார்களில் பின் பாட் மாத்த முதல் கணினியால் அதைத் திருத்த நிலைக்குக் கொண்டுபோக வேணும். அந்தக் கருவி இல்லாத கராஜ் பிஸ்டனைப் பலவந்தமாத் தள்ளினால் உள்ள இருக்கிற மோட்டரும் பல்லும் போகும். 2024 நவம்பரில் கனடாவில் சி-244 சட்டமானது. திருத்துறதுக்காக, பராமரிக்கிறதுக்காக, பிழையைக் கண்டுபிடிக்கிறதுக்காக ஒரு பொருளில் உள்ள டிஜிட்டல் பூட்டை உடைச்சால் இனிப் பதிப்புரிமை மீறல் இல்லை. நல்ல சட்டம். நாங்கள் எல்லாரும் கை தட்டினோம். ஆனால் பூட்டைத் திறக்க உரிமை கிடைச்ச சின்னக் கராஜுக்கு அந்தக் கருவியை வாங்கவும் படிக்கவும் யார் காசு குடுக்கிறது? கண்டுபிடிக்கிற நேரத்துக்கு நாங்கள் காசு குடுக்காட்டி, திருத்துற உரிமை பெரிய டீலர்ஷிப்பின் வாசலுக்குத்தான் திரும்பப் போய் நிக்கும்.

உங்களில் பலர் அம்மா அப்பாவின் காரைக் கராஜுக்குக் கொண்டுபோற ஆக்கள். அங்க பேரம் பேச மட்டும்தான் எங்களுக்குத் தமிழில் பழக்கம். எழுத்தில் கேட்டால் "எங்களை நம்பேல்லையோ?" என்று நினைப்பினமோ என்ற கூச்சம் எனக்கும் இருந்தது. இப்ப நான் போன உடனே சொல்லுறது இதுதான்: "அண்ணை, என்ன பிழை எண்டு முதல் கண்டுபிடியுங்கோ, அதுக்குத் தனியாக் காசு தாறன். என்ன சோதிச்சனீங்கள் எண்டு பில்லில எழுதி விடுங்கோ." பாகம் மாத்த வேணும் என்றால், "இதுதான் எண்டு எப்பிடித் தெரியும்?" என்று கேட்பேன். சண்டைக்கு இல்லை, விளங்கிறதுக்கு. நல்ல மெக்கானிக் இந்தக் கேள்வியால் கோபிச்சு நான் பார்த்ததில்லை. பலர் சந்தோசமா லைட்டைப் பிடிச்சுக் காட்டுவினம். ஒன்ராறியோவில் கார் திருத்துறதுக்கு 310எஸ் என்ற லைசன்ஸ் வேணும், ஸ்கில்ட் ட்ரேட்ஸ் ஒன்ராறியோவின் பதிவேட்டில் பெயரைத் தேடலாம். அதையும் சும்மா ஒருக்காப் பாருங்கோ.

அந்த முதல் கராஜுக்கு நான் திரும்பவும் போனேன். அப்பாவின் காருக்குப் பின் பிரேக். பழைய கதையைச் சொன்னேன், ஹோஸைப் பற்றியும் மறுபக்கமாப் போட்ட பெயரிங்கைப் பற்றியும். கொஞ்ச நேரம் பேசாமல் நிண்டார். "அண்டைக்கு நீர் செக் பண்ண வேண்டாம் எண்டனீர் எல்லோ" என்றார். ஓம், சொன்னனான். "அதுக்காகப் பெயரிங்கை மறுபக்கமாப் போட்டது நான்தான்" என்று அவரே சொன்னார். புதுப் பெயரிங்கின்ர காசைக் கழிச்சு விட்டார். இந்த முறை ஒரு மணித்தியாலச் செக்கிங், எழுத்தில் மதிப்பீடு, எச்எஸ்ரி எல்லாம் போட்ட பில். பழைய பாட் நாலையும் கேட்டேன். சிரிச்சுக்கொண்டு ஒரு கறுப்புப் பையில் கட்டித் தந்தார். அது இன்னும் அப்பாவின் கார் டிக்கியில்தான் கிடக்கு. மரக்கறி வாங்கிக்கொண்டு வாற நேரமெல்லாம் அம்மா அதை எறியச் சொல்லுறா.